மணம் தெரியாமல் தூள் வறுப்பது எப்படி?

கேள்வி: டொக்டர், எனக்கு 61 வயது. வெள்ளவத்தையில் இருபத்தைந்து வருடமாக வீட்டிலேயே மிளகாய்த்தூள் வறுத்துத் திரித்து விற்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலும் தடிமனும் வந்தபோது மணம் தெரியாமல் போனது. மூக்கடைப்பு என்றுதான் நினைத்தேன். கனடாவில் இருக்கும் தங்கச்சி “அக்கா, இந்த முறை தூள் கருகல்” என்று சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் மணம் திரும்பியது. ஆனால் கோப்பி, வதக்கிய வெங்காயம், என்னுடைய தூள் எல்லாமே ஒரே வெடில். தேசிக்காய் மட்டும் பரவாயில்லை. சித்தாலேப தைலம் பூசினால் நன்றாகத் தெரிகிறது, மிளகாய் வறுத்தால் தும்மல் வருகிறது. அப்படியென்றால் மூக்கு வேலை செய்கிறதுதானே? நான் காட்டிய வைத்தியர் ஒருவர் “கண்ணா போனது, காதா போனது? பழகிக்கொள்ளுங்கள்” என்றார். மனிதருக்கு மூக்கு பெரிய அவசியம் இல்லை என்கிறான் மகன். இது மூளை வருத்தத்தின் அறிகுறி என்று எங்கோ வாசித்துவிட்டுப் பயப்படுகிறவனும் அவன்தான். பேரனுக்கு ஏழு மாதம். உச்சிமோந்தால் ஒன்றுமே தெரியவில்லை. இதையெல்லாம் யாராவது ஆராய்கிறார்களா? வியாபாரத்தை விட்டுவிடட்டுமா?

பதில்: அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வியாபாரத்தை விட வேண்டாம். எப்படித் தொடரலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

“கண்ணா போனது, காதா போனது” என்றவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் முதலாவது மோப்ப நரம்பு. நோயாளியைச் சோதித்துவிட்டு “இரண்டு முதல் பன்னிரண்டு வரை சரி” என்று எழுதுவது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று. முதலாவதை யாரும் சோதிப்பதில்லை, எழுதாமல் விட்டதை யாரும் கேட்பதும் இல்லை. பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு, மகனுக்கும் அதைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் போல் புரோக்கா என்ற பெரிய மூளை ஆய்வாளர் இருந்தார். மனித மூளையின் முன்பகுதி பெரிது, மோப்பத்துக்கான குமிழ் அதோடு ஒப்பிட்டால் சிறிது என்று கண்டார். ஆகவே மனிதன் மூக்குக்கு அடிமையில்லாத உயிர் என்று 1879 வாக்கில் ஒரு வகைப்பாடு செய்தார். அவர் யாருடைய மூக்கையும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது பாடப்புத்தகத்தில் ஏறி ‘மனிதனுக்கு மோப்பம் மட்டம்’ என்று நிலைத்துவிட்டது. 2017இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜோன் மக்கான் இந்தக் கதையை வேரிலிருந்து தோண்டி எடுத்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். மொத்த மூளையோடு ஒப்பிடாமல் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தால், நம் மோப்பக் குமிழ் மற்றப் பாலூட்டிகளுடையதற்கு ஒன்றும் இளைத்ததல்ல.

அதற்குப் பத்து வருடம் முன்பே கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. புல்வெளியில் சொக்லட் வாசனைத் திரவத்தால் ஒரு தடம் போட்டார்கள். 32 பேரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கைக்கு உறை போட்டு, “மோந்துகொண்டே போங்கள்” என்று விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் நாயைப் போல முழங்காலில் தவழ்ந்து தடத்தைப் பிடித்துப் போனார்கள். பழகப் பழக வேகமும் கூடியது. பழகினால் மூக்கு தேறும் என்பதை நினைவில் வையுங்கள், உங்கள் சிகிச்சையே அதில்தான் நிற்கிறது.

சரி, சித்தாலேப கதைக்கு வருவோம். அது தெரிவதும் மிளகாய்க்குத் தும்முவதும் மோப்பம் அல்ல. மூக்கின் உள்பக்கத்தில் இன்னொரு நரம்பும் ஓடுகிறது. ஐந்தாம் நரம்பு, முகத்தின் தொடுகைக்கும் வலிக்கும் உரியது. கற்பூரமும் மெந்தோலும் தரும் குளிர்ச்சி, மிளகாயின் கமறல், அமோனியாவின் குத்தல் எல்லாம் இந்த வழியாக வருபவை. மோப்பம் முழுவதும் போனவருக்கும் இது தெரியும். இது தெரியாமல் பலர் “தைலம் மணக்கிறது, ஆகவே மூக்கு சரி” என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருகிறார்கள்.

உங்களுக்கு மெய்யாகவே பழுதானது மூக்கின் கூரையில், இரு கண்ணுக்கும் நடுவே இருக்கும் ஒரு சிறிய தோல் துண்டு. பக்கத்துக்கு ஒரு தபால்தலை அளவு என்று வையுங்கள். மோப்ப நரம்பணுக்கள் அதில்தான் இருக்கின்றன. அவற்றின் நார்கள் அரிதட்டுப் போலத் துளையுள்ள ஓர் எலும்பின் ஊடாக நேரே மூளைக்குள் நுழைகின்றன. 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்ற இருவர் இந்த அணுக்களில் வாசனையைப் பிடிக்கும் வாங்கிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் வாங்கி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு வாசனைக்கு ஒரு வாங்கி என்று கணக்கு இல்லை. நானூறு மணி தொங்கும் ஒரு கோயிலை நினையுங்கள். கறுவாவுக்கு ஒரு கூட்டம் மணிகள் சேர்ந்து அடிக்கும், கோப்பிக்கு வேறொரு கூட்டம். எந்தக் கூட்டம் என்பதை வைத்துத்தான் மூளை பெயர் சொல்கிறது.

வைரஸ் காய்ச்சல் இந்தத் தோலைத் தாக்குகிறது. கொவிட் வைரஸ் நரம்பணுவை விட அதற்குப் பக்கத்துணையாக இருக்கும் அணுக்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்று 2020இல் தெரியவந்தது. உங்களுக்கு வந்தது கொவிட்டா சாதாரணத் தடிமனா என்று இப்போது தேட வேண்டியதில்லை, செய்யப்போவது ஒன்றுதான். நல்ல செய்தி என்னவென்றால், உடம்பில் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கக்கூடிய மிகச் சில நரம்பணுக்களில் இவையும் அடக்கம். முளைத்து வரும் நார்கள் ஆரம்பத்தில் இடம் மாறி இணையலாம், சில மணிகள் வந்து சேராமலே இருக்கலாம். அப்போது அடிப்பது பழைய கோப்பி இல்லை, அரைகுறைக் கோப்பி. மூளை அதைக் கெட்டுப்போன பொருள் என்று எடுத்துக்கொண்டு குமட்டலை உண்டாக்குகிறது. காய்ச்சலுக்கு மூன்று மாதம் கழித்து இது தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் வழக்கமாக அந்தக் கணக்கில்தான் இதைப் பார்க்கிறேன். ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட வெடிலாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு படி முன்னேற்றம். அனுபவிக்கிற உங்களுக்கு இந்த ஆறுதல் எரிச்சலைத் தரும் என்பதும் தெரியும்.

ஏன் கோப்பியும் வெங்காயமும் தூளும் மட்டும்? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதற்குப் பதில் வைத்தியரிடமிருந்து வரவில்லை, உணவு வேதியியலாளரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கரும் கூட்டாளிகளும் கோப்பியின் வாசனையை ஒரு கருவியில் விட்டு, அதிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக வெளியே வரும்போது உங்களைப் போன்றவர்களை மோந்து பார்க்கச் சொன்னார்கள். 2022இல் முடிவு வெளியானது. கோப்பியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருந்தும் குமட்டலைக் கிளப்பியவை ஒருசிலதான். அவற்றில் முதலிடம் கோப்பி வறுபடும்போது உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மத்துக்கு. அடுத்தது பைரசின் என்ற குடும்பம், அதுவும் வறுக்கும்போது பிறப்பதுதான். இவை மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிபவை. மீளும் மூக்குக்கு முதலில் எட்டுபவை அவைதான், கூட மணக்க வேண்டிய மற்றவை எட்டுவதில்லை.

இப்போது உங்கள் அடுப்பைப் பாருங்கள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், செத்தல் மிளகாய். யாழ்ப்பாணத்துத் தூளின் உயிரே வறுப்பில்தானே இருக்கிறது? வெங்காயத்திலும் உள்ளியிலும் கந்தகம் இயற்கையாகவே உண்டு. தேசிக்காயில் இந்த இரண்டும் கிடையாது, அதனால்தான் அது தப்பியது. ஆகவே இப்போதைக்குச் சாப்பாட்டை வறுவல், பொரியல், தாளிப்பு இல்லாத பக்கம் திருப்புங்கள். இடியப்பம், பிட்டு, பழம், தயிர், ஆறிய சோறு. சூடாக இருந்தால் ஆவியோடு வாசனையும் ஏறும், ஆறவிட்டுச் சாப்பிட்டால் பாதித் தொல்லை குறையும்.

வேதியியலில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. கார்வோன் என்று ஒரு மூலக்கூறு. அதற்கு இடக்கை வலக்கை போல ஒன்றின் கண்ணாடி விம்பமாக இரு வடிவங்கள் உண்டு. ஒன்று சூயிங்கத்தில் வரும் புதினா மணம். மற்றது சதகுப்பையில் இருப்பது. அணுக்கள் அதே எண்ணிக்கை, அதே இணைப்பு, திருப்பம் மட்டும் வேறு. ஒரு மூலக்கூறின் படத்தைப் பார்த்து அது எப்படி மணக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல வேதியியலாளரால் இன்னும் முடிவதில்லை. மனிதரால் இலட்சம் கோடி வாசனைகளைப் பிரித்தறிய முடியும் என்று 2014இல் நியூயோர்க்கில் ஒரு குழு அறிவித்தது. கணக்குப் போட்ட முறையே பிழை என்று அடுத்த வருடமே மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். யாராவது ஆராய்கிறார்களா என்று கேட்டீர்களே, இப்படி ஆராய்ந்துகொண்டும் அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். உங்கள் துரதிர்ஷ்டம், அவர்கள் ஒரே கட்டடத்தில் இல்லை. மரபணுக்காரர் ஒரு பக்கம், வேதியியல் ஒரு பக்கம், உளவியல், மொழியியல், வரலாறு என்று ஆளுக்கொரு மூலை. கண்ணுக்கென்று தனி ஆசுபத்திரி இருக்கிறது, மூக்கு காதோடும் தொண்டையோடும் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது.

மொழியியல் என்றேன், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். கிறுக்கு என்று எண்ணாதீர்கள், உங்களுக்கு வேலைக்கு ஆகும். மேற்கத்திய அறிஞர்கள் நெடுங்காலமாக மணத்துக்குச் சொல் கிடையாது, மனித மொழிக்கே அது எட்டாது என்று எழுதி வந்தார்கள். அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் என்ற இருவர் மலாயத் தீபகற்பத்துக் காட்டில் வாழும் ஜஹாய் மக்களிடம் போய்ச் சோதித்தார்கள். நிறத்துக்குப் பெயர் சொல்வது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அவர்கள் மணத்துக்குப் பெயர் சொன்னார்கள். ஒரு டசின் அளவுக்குத் தனிச் சொற்கள். புலியை வரவழைக்கும் இரத்த மணத்துக்கென்றே ஒரு சொல். 2014இல் இது வெளியானபோது பலருக்கு ஆச்சரியம். எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. வெடில், வெடுக்கு, முடை, மொச்சை, கமறல், கருகல், சிக்கு, ஊசல், பூஞ்சணம் என்று நம் வீட்டுப் பெண்கள் அடுக்களையில் நின்றபடியே சொல்வார்கள். ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்று ஐம்புலனை எண்ணும் குறளில் நாற்றம் என்றால் பொதுவாக மணம்தான். அது பிறகு கெட்ட மணமாகக் கீழிறங்கியது.

எல்லாம் ஒரே வெடில் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஒரேயா? ஒரு கொப்பி வாங்குங்கள். கோப்பி எப்படி வெடில், கருகலா முடையா ஊசலா? வெங்காயம்? ஒவ்வொரு வாரமும் எழுதுங்கள். இன்று ‘வெடில்’, அடுத்த மாதம் ‘கருகல், கொஞ்சம் இனிப்பு’ என்று சொல் பிரிய ஆரம்பித்தால் மூக்கு பிரிக்க ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். என்னிடமுள்ள எந்தச் சோதனையும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது.

இனிப் பயிற்சி. ஜேர்மனியின் டிரெஸ்டனில் தோமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை இது, இன்று உலகெங்கும் நாங்கள் சொல்வதும் இதைத்தான். நான்கு வாசனைகள்: ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு. காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி மெதுவாக மோந்து பார்க்க வேண்டும். குறைந்தது பன்னிரண்டு வாரம். அவர்கள் எண்ணெய் பாவித்தார்கள். நீங்கள் நான்கு சிறிய மூடிப் போத்தல்களில் பன்னீர் நனைத்த பஞ்சு, யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு துளி, தேசிக்காய்த் தோல், இடித்த கராம்பு என்று வைத்துக்கொண்டாலும் நடக்கும். வாசனை மங்கினால் மாற்றுங்கள். மோக்கும்போது டிவி வேண்டாம். கராம்பு என்றால் அது முன்பு எப்படி இருந்தது என்று மனதில் வரவழைத்துக்கொண்டே மோவுங்கள். மூன்று மாதம் கழித்துக் கறுவா, ஏலம், ரம்பை, மல்லிகை என்று மாற்றலாம், மாற்றி மாற்றி நீண்ட நாள் செய்தால் பலன் கூடுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். முழுதாகத் தேற ஓரிரு வருடம் எடுத்தவர்களும் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை செய்துவிட்டு “டொக்டர், பலன் இல்லை” என்பவர்களோடு மட்டும் எனக்குக் கோபம் வரும்.

மூக்குக்குள் எண்ணெய் விடுவது, நவச்சாரம் மோப்பது, யாரோ சொன்ன சொட்டு மருந்து போடுவது எதுவும் வேண்டாம். துத்தநாகம் கலந்த மூக்கு மருந்துகளால் மோப்பம் போனவர்கள் இருக்கிறார்கள், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. ஆனால் ஒரு முறை கட்டாயம் மூக்கைக் குழாய்க் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். சதை வளர்ச்சி, சைனஸ் அழற்சி இருந்தால் அதற்கு வேறு வைத்தியம். தேசிய வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் இதைச் செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் அடைப்பது, மூக்கால் இரத்தம் வருவது, விடாத தலையிடி இருந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் போங்கள்.

மகனின் பயம் பார்க்கின்சன் நோயைப் பற்றியது என்று நினைக்கிறேன். அந்த நோயில் நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே மோப்பம் குறையலாம் என்பது உண்மை. ஆனால் அது மெல்ல மெல்ல, ஆளுக்கே தெரியாமல் குறைவது. உங்களுடையது ஒரு காய்ச்சலோடு, நாள் குறித்துச் சொல்லக்கூடியபடி போனது. பிறகு உருமாறித் திரும்பிக்கொண்டிருக்கிறது. கதை வேறு. இந்த இடத்தில் மகனுக்கு ஒரு தகவல்: ஸ்கொட்லாந்தில் ஜோய் மில்ன் என்ற தாதி, தன் கணவருடைய உடம்பு மணம் மாறியதைப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே கவனித்தார். விஞ்ஞானிகள் நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர் அணிந்த சட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயில்லாத ஒருவருடைய சட்டையையும் நோய் என்றார். அந்த மனிதருக்குச் சில மாதம் கழித்து நோய் உறுதியானது. அதன் பிறகு மன்செஸ்டர் வேதியியலாளர்கள் தோலின் எண்ணெய்ப் பிசுக்கில் அந்த மணத்தின் சேர்மங்களைத் தேடப் போனார்கள். மூக்கு அவசியம் இல்லை என்கிற பிள்ளைக்கு இது போதும்.

ஒரு கண்டிப்பு. சமையல் எரிவாயுவுக்குச் சொந்த மணம் இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று ‘எதில் மேர்கப்டான்’ என்ற நாற்றச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். 2021 இறுதியில் நாட்டில் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது அந்தப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது நினைவிருக்கும். உங்களுக்கு அந்தக் காவல் இப்போது இல்லை. தொழிலே அடுப்பில் இருக்கும்போது ஒரு கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்கிப் பொருத்துங்கள். எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கருவியைத் தரைக்குக் கிட்டப் பொருத்த வேண்டும். இராத்திரி சிலிண்டர் வாயை மூடிவிட்டுப் படுங்கள். பழைய கறி நல்லதா என்று மருமகளைக் கேளுங்கள்.

பேரன். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் சட்டையைப் பல சட்டைகளுக்குள் வைத்து, தாய்மாரை மோந்து கண்டுபிடிக்கச் சொன்ன சோதனைகள் 1980களில் நடந்தன. பெரும்பாலான தாய்மார் கண்டுபிடித்தார்கள். உளவியலாளர் சோதனை வைத்துக் கண்டதற்கு நம்மிடம் உச்சிமோத்தல் என்று சொல்லே இருக்கிறது. நீங்கள் இழந்தது அற்பமான விஷயம் இல்லை, அழுகை வந்தால் வெட்கப்படவும் வேண்டாம். மணம் போனவர்களுக்கு மனச்சோர்வு வருவது நாங்கள் அடிக்கடி காண்பது. சாப்பாடு வேண்டாம், ஆட்களோடு கதைக்க விருப்பம் இல்லை என்று வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். உச்சிமோப்பதை நிறுத்தாதீர்கள். நாலு போத்தலோடு ஐந்தாவது பயிற்சி அது. தலையில் எண்ணெய், பவுடர் பூசுவதற்கு முன் செய்யுங்கள்.

இனித் தூள். இருபத்தைந்து வருடம் வறுத்தவருக்கு நான் வறுக்கச் சொல்லித்தர முடியாது. ஆனால் உங்கள் கை இதுவரை மூக்கை நம்பி அடுப்பை அணைத்தது, இனிக் கொஞ்ச நாள் கண்ணையும் காதையும் மணிக்கூட்டையும் நம்ப வேண்டும். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக, அளந்து, ஒரே சட்டியில், ஒரே தீயில் வறுங்கள். மல்லி எந்த நிறத்தில், எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, சீரகம் எப்போது வெடிக்கிறது என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மருமகளைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் “மணம் வந்துவிட்டது” என்று சொல்லும் நிமிடத்தையும் குறியுங்கள். நாலு தடவை செய்தால் உங்களுக்கு ஒரு கணக்குக் கிடைக்கும்.

அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, உணவுத் தொழிற்சாலைகளில் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. மூன்று மாதிரி கொடுப்பார்கள், அதில் இரண்டு ஒரே வகை, மூன்றாவது வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன என்று அர்த்தம். கனடாவுக்கு அடுத்த பார்சல் போகும்போது மூன்று சின்னப் பைகள் சேர்த்து அனுப்புங்கள். இரண்டில் புதுக் கணக்கில் வறுத்தது, ஒன்றில் காய்ச்சலுக்கு முன் வறுத்த பழைய தூள் மிச்சம் இருந்தால் அது. இல்லாவிட்டால் மருமகள் தன் மூக்கை நம்பித் தனியாக வறுத்தது. பைகளில் எண் மட்டும் போடுங்கள், எது எதென்று உங்கள் கொப்பியில் இருக்கட்டும். தங்கச்சி எத்தனை தடவை கேட்டாலும் அவர் பதில் சொல்லும்வரை சொல்லிவிடாதீர்கள்.